மூலை வெட்டிய அட்டை

ஒரு கையில் செருப்பு இரண்டும். மறு கையில் ஒரு மஞ்சள் அட்டை. மாள்வாடி மேட்டில் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டம் என்றால், பார்க்கிறவர்கள் சிரிக்கிற ஓட்டம். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். உடம்பைப் பார்த்தால் ஐந்து வயது கூட்டிச் சொல்வார்கள். முதல் மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. செம்மண் பாதை சோப்பு போட்ட மாதிரி வழுக்கியது. புடவையின் கீழ்க்கரை முழங்கால் வரைக்கும் சேறு.

எருமைகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்த ஒரு பெரியவர் ஒதுங்கி நின்று, "காய் ஜாலா, பாய்?" என்று கேட்டார். என்னம்மா ஆச்சு என்கிறார்; அங்கே பெண்களை மரியாதையாகப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நின்று பதில் சொல்ல மூச்சு இல்லை. "ஊசி! ஊசி!" என்று மராட்டியில் கத்திவிட்டு ஓடினேன். இந்த அம்மா ஊசிக்குப் பயந்து ஓடுகிறது என்று அவர் நினைத்திருப்பார். நானோ ஊசி போடுகிற இடத்தை நோக்கித்தான் ஓடினேன்.

மேட்டுக்கு மேலே பள்ளிக்கூட வராந்தாவில் அன்று குழந்தைகளுக்குத் தடுப்பூசி. அங்கே வரிசையில் ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. எல்லாருக்கும் போடுகிற ஊசியை அந்தக் குழந்தைக்கு மட்டும் போடக் கூடாது. ஏன் என்பது என் கையிலிருந்த அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. அந்த அட்டையை யார் கண்ணிலும் படாத இடத்தில் கட்டி வைத்த மகராசி வேறு யாருமில்லை. நானேதான்.

என் மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் ஒவ்வொரு வாரமும் நான் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். இந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். "மம்மி, ஒரு அட்டைக்காகவா நீ இவ்ளோ ஓடுன?" என்றாள்.

ஆமாம். ஒரு அட்டைக்காகத்தான். உட்கார், சொல்கிறேன்.

எலி தின்ற பிறந்த நாள்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பூனாவுக்கு மேற்கே, மலைப் பக்கம், ஒரு தர்ம ஸ்தாபனம் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றை நடத்திவந்தது. பெயர் வேண்டாம். போபோடியில் எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ், பிறகு எஸ்.டி. பஸ் என்று மாறிப் போக இரண்டு மணி நேரம். எனக்கு அங்கே ரெக்கார்டு கிளார்க் வேலை.

அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து கட்கி ஃபாக்டரிக்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் போபோடி சந்தில். வீட்டில் பேச்சு இன்னும் "வாரேன், போறேன், சொல்லுதேன்" தான். வாசல் தாண்டினால் இந்தியும் மராட்டியும். கொத்தமல்லிக் கட்டை கோத்திம்பீர் என்று சொல்லித்தான் வாங்க வரும். ஆகவே மராட்டிக்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு தலைக்கனம். அதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் உதவும்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் மூன்று பேர். டாக்டர், பட்டாளத்தில் மேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர், வாரத்தில் இரண்டு நாள் வானவடியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஷிந்தே ஸிஸ்டர், சுற்றியுள்ள குக்கிராமங்களுக்கெல்லாம் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய் ஊசி போடுகிற நர்ஸ். அப்புறம் நான்.

ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு அட்டை. ஒன்று அம்மா கையில், ஒன்று எங்கள் பீரோவில். பிறந்த தேதி, எடை, போட்ட ஊசி, வந்த நோய் எல்லாம் இரண்டிலும் இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். இருந்தது என்று சொன்னேனா?

டாக்டர் ஒரு கட்டு அட்டையை எடுத்துப் புரட்டுவார். பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். "கிரேஸ் பாய், இது என்ன ரெக்கார்டா, ஜன்னலா? இந்தப் பக்கம் பார்த்தா அந்தப் பக்கம் தெரியுது" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அட்டையை நிரப்பாதது நானா? தீபாவளி முடிந்ததும் பாதி ஊர் கரும்பு வெட்டக் கிளம்பிவிடும். குழந்தையும் மாட்டு வண்டியில் போகும். அங்கே எந்த நர்ஸோ ஊசி போட்டு, கிழித்த நோட்டுத் தாளில் எழுதிக் கொடுப்பாள். வெயில் காலத்தில் திரும்பி வரும்போது குழந்தை இருக்கும், தாள் இருக்காது.

அப்பா தூக்கி வந்தால் இன்னும் அழகு. "எப்ப பிறந்தது?" என்று கேட்டால், "போளாவுக்கு மறுநாள்" என்பார். போளா என்றால் அவர்கள் மாட்டுக்கு நடத்துகிற பொங்கல். எந்த வருஷத்துப் போளா என்று கேட்டால் தலையைச் சொறிவார். நான் மேஜைக் கண்ணாடிக்கடியில் நாலு வருஷத்துப் பஞ்சாங்கத் தாள்களை வைத்திருந்தேன். பண்டிகையை வைத்துப் பிறந்த நாள் கண்டுபிடித்துச் சொல்வதில் நான் ஒரு ஜோசியக்காரி ஆகிவிட்டேன்.

அம்மா கையில் இருக்கிற அட்டையின் கதை தனி. ரேஷன் கார்டோடு சேர்த்து மாவு டப்பாவில் போட்டு வைப்பார்கள். எலிக்கு அது விருந்து. ஒரு பெண் கொண்டுவந்த அட்டையில் பிறந்த தேதி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

ஷிந்தே ஸிஸ்டரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு ஊசிக்கு மூன்று இடத்தில் எழுத வேண்டும். முதலில் ரெஜிஸ்டர், அடுத்து மாதக் கணக்குத் தாள், கடைசியில் அட்டை. அட்டைக்கு வரும்போது கை ஓய்ந்துவிடும். எடை பார்க்கிற தராசின் ஸ்பிரிங் ஒரு தடவை இளகிப்போய், ஒரு மாதம் முழுக்க எந்தக் குழந்தையும் ஒரு கிராம்கூட ஏறவில்லை. கேட்டேன். "போன மாச எடையையே எழுதிட்டேன் பாய். குறைச்சு எழுதினா அம்மாக்காரி அழுவா" என்றார்.

எனக்கு வந்த ஞானோதயம்

ஒரு நாள் டாக்டர் ஒரு அட்டையைக் கேட்டார். பவார் வீட்டுக் குழந்தை என்றார். எங்கள் பீரோவில் பாதி அட்டை பவார். மீதிப் பாதி மோரே. குழந்தையின் பெயரைச் சொல்லித் தேடலாம் என்றால், பெயர் வைக்கும் முன்பே அட்டை போட்டாகிவிடும். அதில் பேபி என்று இருக்கும். பெயர் வைத்த பிறகும் வீட்டில் கூப்பிடுவது சோனி அல்லது மோனி. அரை மணி நேரம் தேடினேன். டாக்டர் வாட்ச்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஞானோதயம் வந்தது. அட்டைகளை அம்மா பெயரை வைத்து அடுக்கினால் என்ன? அப்பா கரும்புக்குப் போவார், குழந்தைக்கு நாலு பேர் இருக்கும், குடும்பப் பெயரோ ஊருக்கே ஒன்று. அம்மா ஒருத்திதான் குழந்தையோடு வருகிறவள்.

"அம்மா பேர் மாறவா போகுது?" என்று ஷிந்தே ஸிஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஸிஸ்டர் ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன், உங்க ஆளுங்கள்ல மாறாதா?"

"எங்க ஆளுங்கள்ல இனிஷியல் மாறும், பேர் மாறாது" என்று சொல்லிவிட்டு அட்டைகளை அடுக்கப் போய்விட்டேன். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லை. வேலை மும்முரம்.

பெயர் விஷயத்தில் அடிபட்டவள்தான் நான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது? அப்பா தன் பெயரைச் சொல்ல, அது எனக்குக் குடும்பப் பெயர் ஆனது. அப்பாவுக்கு ஃபாக்டரியில் தாத்தா பெயர் குடும்பப் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் செல்வின் பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். ரேஷன் ஆபீசில் ஒரு கிளார்க், "நீங்க எல்லாரும் ஒரே குடும்பம்தானா?" என்று சந்தேகமாகக் கேட்டான். இவ்வளவு பட்டும் புத்தி வரவில்லை, பாருங்கள்.

பீரோ அழகாகிவிட்டது. கேட்ட அட்டையைக் கண் சிமிட்டும் நேரத்தில் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் வராத குழந்தைகளின் அட்டைகளைத் தனியே எடுத்து, சிவப்பு நாடா கட்டி, பீரோவின் அடித்தட்டில் போட்டேன். மேலே "ஊர் விட்டுப் போனவர்கள்" என்று எழுதி ஒட்டினேன். டாக்டரே "ஷாபாஷ்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சிவப்பு நாடாக் கட்டில் ஒரு அட்டை. அம்மா பெயர் சுரேகா, ஊர் கரஞ்சவாடி. பெண் குழந்தை. ஒன்றரை மாதத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மருந்து கலந்தது. அன்று சாயங்காலமே குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி, கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளியிருக்கிறது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அதற்குள் குழந்தை சிரித்து விளையாட ஆரம்பித்துவிட்டது. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப அபூர்வமா நடக்கும், பயப்படாதீங்க. ஆனா இனி இவளுக்குப் பெரிய ஊசி வேண்டாம். ரெண்டு மருந்து மட்டும் உள்ள சின்ன ஊசி போதும்" என்று சொல்லி, இரண்டு அட்டையிலும் சிவப்பு மையில் எழுதினார். அதன் பிறகு இரண்டு மாதம் ஸிஸ்டர் போனபோதெல்லாம் அந்த வீடு பூட்டியிருந்தது. நான் அட்டையைக் கட்டிப் போட்டுவிட்டேன்.

பஸ்ஸில் வந்த காக்கு

அன்று வியாழக்கிழமை. காலையில் எஸ்.டி. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் கரஞ்சவாடிக்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணி மூட்டை. ஊரில் எல்லாரும் அவளைக் காக்கு என்று கூப்பிடுவார்கள், சித்தி என்று அர்த்தம். எனக்கும் முகம் தெரியும்.

"எங்க காக்கு, மூட்டையோட?"

"மாள்வாடிக்கு பாய். எங்க சுரேகாவைக் கட்டிக் குடுத்த ஊர். தலைப்பிரசவம் நம்ம வீட்ல பார்த்தோம். போன மாசம்தான் குழந்தையோட அனுப்பி வச்சோம். லட்டு கொண்டு போறேன்."

சுரேகா. சிவப்பு நாடாக் கட்டு ஞாபகம் வந்தது. "அப்ப ஊரை விட்டுப் போயிட்டான்னு எழுதினது சரிதான்" என்று எனக்குள் ஒரு திருப்தி. சும்மா இருந்திருக்கலாம். வாய் நீளம் எனக்கு. "மாள்வாடியில சுரேகான்னு யாரும் இல்லையே. அந்த ஊர் அட்டை எல்லாம் நேத்துதான் எழுதினேன்" என்றேன்.

காக்கு சிரித்தாள். "அங்க சுரேகான்னு கேட்டா யாருக்குத் தெரியும்? அங்க அவ வைஷாலி. கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை தட்டுல அரிசியைப் பரப்பி மோதிரத்தால புதுப் பேர் எழுதுவானே, தெரியாதா உங்களுக்கு?"

தெரியும்! அதுதான் கொடுமை. அக்கம்பக்கத்துக் கல்யாணங்களில் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். என்ன அழகான வழக்கம் என்று சொல்லிவிட்டு ஜிலேபி தின்று வந்திருக்கிறேன்.

வைஷாலியா? வைஷாலி மோரே, மாள்வாடி, ஐந்து மாதப் பெண் குழந்தை, இதுவரை ஊசி எதுவும் போடவில்லை. நேற்று மத்தியானம், அந்த வீட்டார் சொன்னதை வைத்து, புத்தம்புது அட்டையில் என் கையால் எழுதினேன். இன்று பெரிய ஊசி போட வேண்டிய குழந்தைகள் பட்டியலில் அதையும் சேர்த்து ஸிஸ்டரிடம் கொடுத்திருந்தேன்.

"காக்கு, அந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்ததை அங்க சொன்னீங்களா?"

காக்கு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு என் காதருகே வந்து சொன்னாள். "எப்படிச் சொல்றது பாய்? பெண் குழந்தை. வலிப்புன்னு தெரிஞ்சா, உங்க வீட்டு ரத்தம் சரியில்லைன்னு பொண்ணைத் திருப்பி அனுப்பிட மாட்டாங்களா? நீங்க குடுத்த அட்டையையும் நாங்க குடுத்தனுப்பலை. அதுல சிவப்பா எழுதியிருக்கே. அடுத்த தடவை நர்ஸ் வந்தப்பவும் கதவைப் பூட்டிட்டு உள்ளேயே இருந்தோம்."

மாவு டப்பா, எலி, கரும்பு, ஸ்பிரிங் என்று நான் போட்டு வைத்திருந்த காரணங்களில் இது எங்கேயும் இல்லை. எழுதினது பிடிக்காமல் ஒரு குடும்பமே அட்டையை ஒளித்து வைக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸிலிருந்து குதித்தேன். சிவப்பு நாடாவைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அட்டை இருந்தது. ஸிஸ்டர் இல்லை. காலையிலேயே மாள்வாடிக்குக் கிளம்பிவிட்டார் என்று பெருக்குகிற அம்மா சொன்னாள். அன்று டாக்டர் வருகிற நாளும் இல்லை. மாள்வாடியில் போன் இல்லை. பஸ் போய்விட்டது.

பால் கேன்களைக் கட்டிக்கொண்டு ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். குறுக்கே போய் நின்றேன். இரண்டு கேன்களுக்கு நடுவில் என்னை ஏற்றிக்கொண்டு போய் மேட்டின் அடியில் இறக்கினார். சேற்றில் வண்டி ஏறாது என்றார். ஆண்டவரே என்று செருப்பைக் கழற்றினேன்.

விட்டுக்கொடுக்க ஆள் இல்லை

வராந்தாவை எட்டியபோது ஷிந்தே ஸிஸ்டரின் குரல்தான் முதலில் கேட்டது. யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"உன்னை நாலு தடவை கூப்பிட்டாச்சு. நாலு தடவையும் 'நீங்க போங்க, நீங்க போங்க'ன்னு மத்தவங்களை முன்னால விட்டுட்டே இருக்கே. இப்ப நீ ஒருத்திதான் பாக்கி. வா இங்க!"

வராந்தாவின் மூலையில் ஒரு பெண். இருபது வயதுகூட இருக்காது. தோளில் குழந்தை. அதன் தொடையில் பஞ்சால் துடைத்தாகிவிட்டது. ஸிஸ்டர் கையில் மருந்தேற்றிய ஊசி. படிக்கட்டில் மாமியார், நல்ல உயரமான, கம்பீரமான பெண்மணி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்துங்க, இவளுக்கு வலிப்பு வந்திருக்கு என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கரஞ்சவாடியிலிருந்து குழந்தையைத் தூக்கி வந்த அன்று என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதவள் அவள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. என் கையிலிருந்த அட்டையையும் தெரிந்துவிட்டது. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தாள். வேண்டாம் என்று அந்தக் கண் கெஞ்சியது.

வந்த வார்த்தையை விழுங்கினேன். நேரே ஸிஸ்டரிடம் போய் அவருக்கும் குழந்தைக்கும் நடுவில் நின்றேன். "ஸிஸ்டர், இதுல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு" என்று அட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"கையெழுத்துக்கா பாய் இப்படி ஓடி வந்தீங்க?" என்று சிரித்தபடி படித்தார். சிரிப்பு நின்றது. அட்டையைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். கரஞ்சவாடியில் ஒரே ஒரு தடவை பார்த்த முகம் அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. ஊசியைத் தட்டில் வைத்தார். ஐஸ் பெட்டியைத் திறந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த சின்ன ஊசி மருந்தை எடுத்தார்.

"ஏன் வேற பாட்டில்?" படிக்கட்டிலிருந்து மாமியார் கேட்டார்.

"அது தீர்ந்துபோச்சு மாவ்ஷி" என்றேன். வயதில் பெரிய பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும். "இது கொஞ்சம் சாதுவான மருந்து."

குழந்தை வீரிட்டு அழுதது. அத்தனை நல்ல அழுகையை நான் கேட்டதே இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே சேற்றுப் புடவையோடு வராந்தாவில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குழந்தையை எடை பார்க்கிற சாக்கில் ஸிஸ்டர் அந்தப் பெண்ணை வகுப்பறைக்குள் கூட்டி வந்தார். நானும் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"நான் எப்படிச் சொல்லுவேன் பாய்? அத்தை பக்கத்துலயே இருக்காங்க. ஒவ்வொரு ஆளா முன்னால விட்டேன். கடைசில விட்டுக்கொடுக்க ஆளே இல்லை."

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

எழுதாமல் எழுதுவது

அடுத்த தடவையும் ஊசி உண்டு. நான் இருப்பேனோ, ஸிஸ்டர் இருப்பாரோ, புது நர்ஸ் வருவாளோ. அவள் வீட்டில் இருக்கப்போகிற அட்டையில் எழுதவும் முடியாது, எழுதாமல் விடவும் முடியாது. சிவப்பு மையைப் பார்த்தால் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட என்னமோ கோளாறு என்று தெரிந்துவிடும்.

ஸிஸ்டரின் பெட்டியில் கட்டுத்துணி வெட்டுகிற கத்திரிக்கோல் இருந்தது. அதை எடுத்து அவளுக்குக் கொடுக்க வேண்டிய புது அட்டையின் மேல் மூலையைச் சாய்வாக நறுக்கினேன். மூலை இல்லாத அட்டை வந்தால், பீரோவில் உள்ள அட்டையைப் பார்க்காமல் ஊசியைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். வைஷாலிக்குப் புரிந்தது. அட்டையை மார்போடு வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று செல்வினிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "போனா போவுது, நீ சாப்பிட்டுட்டுப் போ" என்று அவர் இட்லியைத் தட்டில் வைத்தார். டாக்டர் முழுவதும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு இந்தியில் சொன்னார்.

"பட்டாளத்துல ஆள் காணோம்னு மலையெல்லாம் தேடுவோம். கடைசில பார்த்தா கேன்டீன்ல உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருப்பான். உன் அடித்தட்டைத் திற."

சிவப்பு நாடாக் கட்டு முழுவதையும் மேஜையில் பரப்பினோம். ஸிஸ்டர் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு அம்மாவிடமும் தனியே கேட்டு வந்தார். ஊர் விட்டுப் போனவர்கள் என்று நான் ஒட்டிய கட்டில் இருந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக வேறு ஊரில், வேறு அம்மா பெயரில், வேறு அட்டையில் கிடைத்தன. எத்தனை என்று சொல்ல மாட்டேன். வெட்கமாக இருக்கிறது. புது அட்டையில் ஒரு கோடு சேர்த்தோம்: தாய் வீட்டில் உங்கள் பெயர் என்ன? எடை பார்க்கும்போது, மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் அதைக் கேட்பது.

எலி இவ்வளவு நேராகவா கடிக்கும்?

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குள் நாங்கள் கோந்த்வாவுக்குக் குடிமாறியிருந்தோம்; அங்கே எங்கள் பில்டிங்கில் குடியிருந்த கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், சனிக்கிழமைகளில் வந்து அதை ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். "ஏனுங்க மேடம், அம்மா பேருக்கு ரெண்டு கட்டம் எதுக்குங்க?" என்று கேட்டார். "இருக்கட்டும் தம்பி, அதை மட்டும் தொடாதீங்க" என்றேன். மூலை வெட்டுவதற்கு அவர் மிஷினில் வழியில்லை. அதனால் அட்டையையும் விடவில்லை.

அப்படி ஒரு நாள் மாள்வாடி மாமியார் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கூட வந்த பேத்தி, அந்த ஐந்து மாதக் குழந்தை, இப்போது இரட்டைப் பின்னல் போட்டு, முன்பல் இரண்டும் விழுந்து, சுவரில் இருந்த படங்களுக்குக் கீழே எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவளுக்கு வலிப்பு வந்ததில்லை. வைஷாலிக்கு இரண்டாவது பிறந்து ஒன்றரை மாதம், பையன். உள் அறையில் ஸிஸ்டர் எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் பிளாஸ்டிக் உறையிலிருந்து பேத்தியின் அட்டையை எடுத்து வைத்தார். ஒரு கறை இல்லை. வெட்டிய மூலையை விரலால் தொட்டார்.

"இதை நீங்கதானே வெட்டினீங்க, பாய்?"

"எலி கடிச்சிருக்கும் மாவ்ஷி."

"எலி இவ்வளவு நேராவா கடிக்கும்?"

நான் பேனாவைத் தேடுகிற மாதிரி குனிந்தேன்.

"அன்னிக்கு பாட்டிலை மாத்தினப்ப உங்க நர்ஸுக்குக் கை நடுங்கிச்சு" என்றார். "மருந்து தீர்ந்ததுக்கு யாருக்காவது கை நடுங்குமா? எனக்கு அப்பவே தெரியும். குழந்தைக்கு இழுத்திருக்கு."

பேனாவை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். "தெரிஞ்சும் நீங்க ஒண்ணும் கேட்கலையே?"

உள் அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எப்படிக் கேட்கிறது? என் மகன் தத்தாவுக்கும் சின்னதுல அப்படித்தான். காய்ச்சல் ஏறினா கை கால் இழுத்துக்கும். அஞ்சு வயசோட நின்னுபோச்சு. பொண்ணு கேட்டுப் போனப்ப நாங்க அதைச் சொல்லலை. சொல்லியிருந்தா கரஞ்சவாடிக்காரங்க பொண்ணு குடுத்திருப்பாங்களா? இப்ப நான் வாயைத் திறந்தா இதுவும் வெளிய வந்துடுமே."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடக்க முடியவில்லை. இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் மருமகள் மாமியாருக்குப் பயந்து மறைத்திருக்கிறாள். அதே விஷயத்தை மாமியார் மருமகளுக்குப் பயந்து மறைத்திருக்கிறார். மாவ்ஷிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"வைஷாலிகிட்டச் சொல்லிடாதீங்க" என்றார்.

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

"சரி, இந்தப் பையனுக்கு என்ன பண்ணுவீங்க?"

மேஜையில் பையனின் புது அட்டை இருந்தது. மை காயவில்லை. மாவ்ஷி என் பேனா டப்பாவில் இருந்த கத்திரிக்கோலை அவராகவே எடுத்தார். அட்டைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"இவனுக்கும் வெட்டிடுங்க. நேரா."

வெட்டினேன். அதே சமயம் கதவைத் திறந்துகொண்டு வைஷாலி குழந்தையோடு வெளியே வந்தாள். மேஜையில் கிடந்த சின்ன மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்தாள். தனக்காக நான் செய்தேன் என்று நினைத்து, கண்ணாலேயே எனக்கு நன்றி சொன்னாள். மாவ்ஷி மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டையை உறையில் போட்டு நீட்டினேன். வாங்கிக்கொள்ள இரண்டு பேரும் கை நீட்டினார்கள்.